மூணாறில் ஆவணப்படம் எடுக்க நினைக்கும் சிறு குழு எங்கே தொடங்குவது?

ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஆவணப்பட நிறுவனம் தொடங்குகிறோம், மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழர்களைப் படமாக்க ஆசை, பணத்துக்கும் அனுமதிக்கும் என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணத்துக்கு வழி உண்டு. 1980களில் கேரளத்தில் திரைப்பட இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு ஊர் ஊராகப் போய் மக்களிடமே காசு திரட்டிப் படம் எடுத்தது. முடித்த படத்தை அனுப்பத் திருவனந்தபுரத்தில் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்குமென்றே ஒரு சர்வதேச விழாவும் நடக்கிறது.

ஆனால் எனக்குப் பணத்தைவிட நம்பிக்கைதான் பெரிதாகத் தெரிகிறது. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையை மறித்த மூணாறு தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே விடவில்லை. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். யார் தங்களுக்காகப் பேசுகிறார்கள் என்பதில் அவ்வளவு கவனம் அவர்களுக்கு. அதனால் முதல் சில வாரம் கேமராவை எடுக்கவே வேண்டாம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் உட்கார்ந்து கட்டன்சாயா குடியுங்கள். அப்புறம் கொழுந்து எடுக்கும் இடத்துக்குப் போகலாம். தோட்டத்துக்குள் படமெடுக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், எழுத்தில் வாங்குங்கள். கொழுந்து வெட்டும் கத்தரியின் சத்தம் மைக்கில் பேச்சை விழுங்கிவிடும். பேட்டியைச் சாயங்காலம் அடுப்படியில் வையுங்கள், அங்கேதான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

முடிந்த படத்தை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். ஒருவர் தன் பேட்டியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். வேலையும் வீடும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கிறது அவர்களுக்கு.