சம்பா ரகத் தேர்வு: மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு முன்

கேள்வி: புவனகிரி அருகே எனக்கு இரண்டரை ஏக்கர் நிலம் உள்ளது, அரை ஏக்கர் மேடு, மற்றது பள்ளம். சென்ற சம்பாவில் கார்த்திகை மழையில் பள்ளத்துப் பயிர் 9 நாள் மூழ்கி அழுகிவிட்டது. இம்முறை பி.பி.டி. 5204, சி.ஆர். 1009 சப் 1 ஆகிய இரண்டு நெல் ரகங்களையும் ஒப்பிட, விளைச்சல், விலை, வருமானம் ஆகியவற்றுக்குத் தலா 30, வெள்ளம் தாங்குவதற்கு 10 என எடை (எது எவ்வளவு முக்கியம் என்ற அளவு) வைத்தேன். பத்துக்கு இட்ட மதிப்பெண் பி.பி.டி.க்கு முறையே 6, 9, 8, 2. மற்றதற்கு 8, 5, 6, 9. பெருக்கிக் கூட்டினால் 710, 660 என வருகிறது. விலைக்கான மதிப்பெண் விதைக் கடைக்காரர் சொன்னது, அவரும் பி.பி.டி.யையே போடச் சொல்கிறார். ஆனாலும் பயமாக உள்ளது. எதை விதைப்பது?

பதில்: ஐயா, பள்ளத்தில் சி.ஆர். 1009 சப் 1 விதையுங்கள். ஆனால் எந்த ரகம் முந்துகிறது என்பதற்கு முன், எந்தக் குறையை வேறு எந்த நிறையாலும் ஈடுகட்ட முடியாது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். எடையிட்டுக் கூட்டும்போது, வெள்ளத்தில் இழந்த மதிப்பெண்ணை விலையில் பெற்றது நிரப்பிவிடுகிறது. வயலில் அப்படி நிரம்பாது. ஆகவே 9 நாள் மூழ்கினால் பிழைக்காத ரகம் உங்கள் பள்ளத்துக்கான அட்டவணைக்குள்ளேயே வரக் கூடாது. சப் 1 மரபணு உள்ள ரகம் தூர் கட்டும் பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் முழுதும் மூழ்கினாலும் மீண்டும் துளிர்க்கும், பி.பி.டி.க்கு அந்தத் திறன் இல்லை.

அடுத்தது, விளைச்சலும் விலையும் சேர்ந்ததே வருமானம் என்பதால் ஒன்றையே இரு முறை எண்ணியிருக்கிறீர்கள். அதை நீக்கினால் பி.பி.டி. 470, மற்றது 480 என வரிசையே மாறுகிறது. இந்த 10 மதிப்பெண்ணையும் நம்ப வேண்டாம். எடையைச் சற்று மாற்றினாலே புரள்வது முடிவாகாது. முடிவெடுக்கும் முறை ஒன்றை உருவாக்கிய அறிஞர் தாமஸ் சாட்டி வகுத்தபடி, விளைச்சல், விலை போன்றவற்றை இரண்டிரண்டாக 1 முதல் 9 வரையான அளவில் ஒப்பிட்டு எடை கண்டாலும் அப்படியே.

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்று உண்டு: எடையை, ரகத்தின் பெயரை எடுப்பதற்கு முன்பே, கடனைச் சுமக்கப்போகும் குடும்பத்தார் கூடி உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். பெயர் தெரிந்த பின் போடும் எடை, ஏற்கெனவே மனத்தில் இருக்கும் ரகத்தின் பக்கமே சாயும். விதை விற்பவரின் மதிப்பெண் ஒரு கட்டத்தில்கூட இருக்கக் கூடாது; அவர் கடையில் மிஞ்சிய மூட்டைக்கும் உங்கள் பள்ளத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் சொன்ன 9-ஐயே பாருங்கள். 2024-25 பருவத்தில் மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகத்துக்கு 2,300 ரூபாய், 'ஏ' தரத்துக்கு 2,320 ரூபாய். நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போடுபவருக்கு 9-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளி எங்கிருந்து வந்தது? பி.பி.டி. போன்ற சன்ன நெல்லுக்குத் தனியார் ஆலை கூடுதலாகக் கொடுக்கலாம். நனைந்து நிறம் மாறிய நெல்லுக்கு அதைக் கொடுக்காது.

மேட்டு அரை ஏக்கரில் பி.பி.டி. போடலாம், குலைநோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம் என்பதால் தழைச்சத்தைப் பிரித்து இடுங்கள். பள்ளத்துக்கான ரகம் ஏறத்தாழ 155 நாள் பயிர். ஆவணியில் நாற்று விட்டால் கார்த்திகை மழை ஓயும் முன் பூக்காது. பூக்கும்போது மூழ்கினால் சப் 1-உம் காப்பாற்றாது. இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தேங்கி நிற்கும் நீரையும் அது தாங்காது என்பதால் வடிகாலை முன்னதாகவே வெட்டிவிடுங்கள். சான்று அட்டையுள்ள விதையை வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாங்கி, அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை வைத்திருங்கள். சாதாரண சி.ஆர். 1009-க்கும் சப் 1-க்கும் விதையில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு கிடையாது.