தீவில் ஒரு வாரம்: டைம்ஷேர் கேள்வி பதில்

கேள்வி: ஹவாயின் மாவி தீவில் இலவச மதியச் சாப்பாடு என்று கூப்பிட்டு, மணிக்கணக்கில் பேசி, ஒரு டைம்ஷேரை (வருடத்தில் ஒரு வாரம் போல ரிசார்ட் அறையில் தங்கும் உரிமை) தலையில் கட்டிவிட்டார்கள். நானும் கணவரும் கையெழுத்துப் போட்டு 3 நாளாகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? (டாலஸ் வாசகி)

பதில்: கிடைக்கும், ஆனால் இன்றே உட்கார்ந்து எழுதுங்கள். கம்பெனியிடம் நேரடியாக வாங்கிய டைம்ஷேரை 7 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்ய ஹவாய் சட்டம் இடம் தருகிறது. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். உங்களிடம் கொடுத்த ஃபைலில் ரத்து உரிமை பற்றிய தாள் இருக்கும். மேலே கிடைக்காவிட்டால் அட்டையின் உட்பைக்குள் தேடுங்கள். எந்த முகவரிக்கு, எப்படி அனுப்ப வேண்டும் என்று அதில் உள்ளதோ அப்படியே செய்யுங்கள்.

கடிதம் ஐந்தாறு வரி போதும். ஒப்பந்தத்தில் உள்ளபடியே இருவர் பெயர், ஒப்பந்த எண், ரிசார்ட்டின் பெயர், கையெழுத்திட்ட தேதி, 'ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம், கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தரவும்' என்ற வாசகம், இன்றைய தேதி. இருவருமே கையெழுத்திடுங்கள், ஒருவர் விட்டுப்போனால் அதையே சாக்காக வைத்து இழுத்தடிக்கலாம். தபால் நிலையத்தில் 'சர்டிஃபைடு மெயில்' என்று கேட்டு, ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். ரசீதில் முத்திரைத் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி. விற்றவரிடம் போனில் சொல்வது ரத்து ஆகாது. விலையைக் குறைத்து மறுபடி பேச ஆரம்பிப்பார். பேச்சிலேயே ஏழாம் நாள் கடந்துவிடும்.

கேள்வி: பழைய உரிமையாளர்கள் ஒரு டாலருக்குக்கூட விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு டாலரைப் பார்க்காதீர்கள், பராமரிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் வருடா வருடம் கட்ட வேண்டும். அது ஏறுவதுதான் வழக்கம். கடலோரக் கட்டடத்தில் உப்புக்காற்று பட்டு உள்கம்பி துருப்பிடித்து ஊதும். பால்கனியின் அடிப்பக்கம் சிமென்ட் பொரிந்து விழும். சேமிப்பு நிதி போதாவிட்டால் அந்தச் செலவைச் சிறப்புக் கட்டணமாக உரிமையாளர்கள் தலையில் பிரித்துப் போடுவார்கள். புயல் சேதத்துக்கும் இதே கதிதான். 1992இல் இனிக்கி புயல் கவாய் தீவைப் புரட்டிப் போட்டதை அங்கே யாரும் மறக்கவில்லை.

பணம் கொடுக்கும் முன் ரிசார்ட்டிடமிருந்து 'எஸ்டாப்பல்' சான்று கேளுங்கள். நிலுவை எவ்வளவு, எந்த வாரம், ஒவ்வோர் ஆண்டுமா அல்லது ஒன்றுவிட்டு ஒன்றா என்பது அதில் தெரியும். நிலையான வாரம் (ஆண்டுதோறும் அதே வாரம்) என்றால் அதன் எண்ணைப் பாருங்கள்: 51, 52 கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டியவை. மிதக்கும் வாரம் (தேதியை ஒவ்வொரு முறையும் முன்பதிவு செய்வது) என்றால் முந்தியவருக்கே நல்ல தேதி. வாரத்துக்குப் பதில் புள்ளிகளைக் கொடுத்துத் தங்கும் பாயின்ட் முறையில், மறுவிற்பனையில் வாங்குபவருக்குச் சில சலுகைகள் வராது. எவை என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: வாடகைக்கு எடுத்தால்?

பதில்: நான் முதலில் சொல்வதே இதைத்தான். பராமரிப்புக் கட்டணம் தேறினால் போதும் என்று விடுபவர்கள் நிறையப் பேர். முன்பதிவு உங்கள் பெயருக்கு மாறியதும், ரிசார்ட்டின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள். உரிமையாளர் தரும் எண் வேண்டாம். உரிமையாளர்கள் தங்களுக்குள் வாரங்களை மாற்றிக்கொள்ள உதவும் ஆர்சிஐ, இன்டர்வல் நிறுவனங்கள் வழியாக மாற்றிக்கொண்ட வாரமா என்றும் கேளுங்கள். அப்படிக் கிடைத்ததை வாடகைக்கு விட அந்த இரண்டு நிறுவனங்களும் அனுமதிப்பதில்லை; தெரிந்தால் அறை போய்விடும். வாரம் வெள்ளியில் தொடங்குகிறதா, சனியா, ஞாயிறா என்று கேட்டுவிட்டு விமான டிக்கெட் எடுங்கள்.