முன்பாத நரம்பு வலிக்கு ஸ்டீராய்டு ஊசி: கேள்விகளும் பதில்களும்

விரல் இடுக்கில் வரும் நரம்பு வலி பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். இருபது வருடத்துக்கும் மேலாக எலும்பு மருத்துவராகக் கால்களைப் பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் பதில் சொல்கிறேன். உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று அல்ல.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை, டாக்டர். சாயங்காலமானால் மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவே எரிகிறது. செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பது போல இருக்கும், கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மார்ட்டன் நியூரோமா என்கிறார்கள். ஊசி போடலாமா?

அந்தக் கூழாங்கல் உணர்வை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம் அம்மா. விரல்களுக்குப் போகும் நரம்பு, பாத எலும்புகளின் முனைகளுக்கு இடையே ஒரு பட்டைக்குக் கீழாகப் போகிறது. அங்கே நசுங்கி நசுங்கி அதைச் சுற்றியுள்ள திசு தடித்துப்போகிறது. பெயரைக் கேட்டுப் புற்றுநோயோ என்று பயப்படாதீர்கள், உண்மையில் இது கட்டியே இல்லை. 1876-ல் பிலடெல்பியாவின் தாமஸ் மார்ட்டன் இந்த வலியைப் பற்றி எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஊசி போடலாம். ஆனால் முதலில் செருப்பை மாற்றுங்கள். முன்பக்கம் அகலமாக, குதிகால் உயரமில்லாமல், அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும். உள்ளே மெட்டாடார்சல் பேட் என்ற சின்ன மெத்தையை வையுங்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். வலிக்கிற இடத்துக்கு நேர்கீழே வைத்தால் வலி கூடும். அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக வைத்தால்தான் எலும்பு முனைகள் விலகி நரம்புக்கு இடம் கிடைக்கும். இரண்டு மூன்று மாதம் இப்படிப் பார்த்தும் குறையவில்லை என்றால் ஊசிக்குப் போகலாம்.

இன்னொன்று. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

உள்ளங்காலில் ஊசி என்றாலே நடுங்குகிறது. ரொம்ப வலிக்குமா?

உள்ளங்காலில் போடுவதில்லை. பாதத்தின் மேல்பக்கமாக, விரல்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில்தான் பெரும்பாலும் போடுவோம். ஸ்டீராய்டோடு மரத்துப்போக வைக்கும் மருந்தும் கலந்திருக்கும். ஸ்கேன் பார்த்தபடி போட்டால் மருந்து சரியான இடத்தில் விழும். சில நிமிடத்தில் விரல்கள் மரத்து, வலி காணாமல் போகும். அதை வைத்துக் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த மரப்பு சில மணி நேரத்தில் இறங்கிவிடும், ஸ்டீராய்டு வேலை செய்யச் சில நாட்கள் ஆகும். நடுவில் ஓரிரு நாள் வலி முன்னைவிடக் கூடலாம். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள், காலுக்கு ஓய்வு கொடுங்கள். சிவந்து வீங்கி காய்ச்சலும் வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஓடி வாருங்கள்.

ஒரு ஊசி எத்தனை நாள் தாங்கும்?

எடின்பரோவில் 131 பேரை வைத்து நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும், மீதிப் பேருக்கு மரப்பு மருந்து மட்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு போட்டவர்கள் மேலாக இருந்தார்கள். அதற்கு மேல் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் வலி வருவதில்லை, சிலருக்கு ஆறு வாரத்திலேயே திரும்பிவிடும். தடிப்பு 5 மில்லிமீட்டருக்குள் இருப்பவர்களுக்குப் பலன் நீடிக்க வாய்ப்பு அதிகம். என் நோயாளிகளில் ஊசி போட்ட மறுநாளே பழைய இறுக்கமான ஷூவுக்குள் காலை நுழைப்பவர்கள்தான் சீக்கிரம் திரும்பி வருகிறார்கள்.

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு பாதமும் எரிகிறது, இரவில் தூக்கமில்லை. இந்த ஊசி போடலாமா, ஐயா?

வேண்டாம் தம்பி. இரண்டு காலும் காலுறை போட்டதுபோல் ஒரே மாதிரி எரிந்தால், அது பெரும்பாலும் சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு. ஓரிடத்தில் போடும் ஊசி அதற்கு உதவாது. அதற்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன. வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு அது குறையக்கூடும்.

சர்க்கரை உள்ளவருக்கு மார்ட்டன் நியூரோமாவும் இருந்து ஊசி போட்டே ஆக வேண்டும் என்றால், முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் வரை அளவு எகிறலாம், தினமும் வீட்டிலேயே பாருங்கள். அம்மாவின் பாதங்களை இன்று இரவே ஒரு முறை விரல் இடுக்குவரை பார்த்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் புண் இருப்பது அவருக்கே தெரியாது.

குத்தும் முள் வைத்த அக்குபிரஷர் செருப்பு போடலாமா?

இந்த வலிக்கு வேண்டாம். நசுங்கிய நரம்பை மேலும் குத்தும்.

இரண்டு ஊசி போட்டாகிவிட்டது. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்திருக்கிறது. மூன்றாவதும் போடச் சொல்கிறார்கள்.

வெளுத்தது ஸ்டீராய்டால்தான். நம் நிறத்துக்குப் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் மாதங்கள் கழித்து மங்கிவிடும். எனக்குக் கவலை வேறு. அதே மருந்து பாதத்துக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பைக் கரைக்கலாம், பக்கத்து மூட்டின் தசைநாரைத் தளர்த்தலாம். அப்படி ஆனால் விரல் இடம் மாறிப்போகும், அதைச் சரிசெய்வது கஷ்டம். இரண்டு ஊசிக்கும் சரியாகவில்லை என்றால் நோயே வேறோ என்று முதலில் பாருங்கள். மூட்டு அழற்சி, எலும்பில் மயிரிழை விரிசல் இரண்டுமே இதே இடத்தில் வலிக்கும். நியூரோமாதான் என்று உறுதியானால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். நரம்பை வெட்டி எடுத்தால் அந்த இரண்டு விரலும் ஒன்றையொன்று பார்க்கும் பக்கம் மரத்தே இருக்கும், சிலருக்கு வெட்டிய முனையிலேயே வலி வரும். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

ஊசி போட்டு ஒரு வாரம். வலியே இல்லை. இந்தப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகலாமா?

கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் இந்தப் பௌர்ணமி வேண்டாம் சகோதரி. வெறுங்காலில் விரல்கள் விரியும், அது நல்லதுதான். இருந்தாலும் கெட்டியான சாலையில் 14 கிலோமீட்டர் என்பது முன்பாதத்துக்குப் பெரிய சுமை. வலி அடங்கியிருக்கிறதே தவிர நரம்பின் தடிப்பு அப்படியேதான் இருக்கிறது. ஒரு மாதம் அகலமான செருப்போடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுங்கள். ஐந்து கிலோமீட்டர் நடந்தும் மறுநாள் காலையில் எரிச்சல் இல்லையென்றால் அடுத்த பௌர்ணமிக்குக் கிளம்பலாம். வழியில் கூழாங்கல் உணர்வு எட்டிப் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.