ஸ்டென்ட் வைத்தாச்சு, அப்புறம்?

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வருகிற சிலவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு 54 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் நடக்கிறேன், எண்ணெய்ப் பலகாரத்தை விட்டுவிட்டேன். மாத்திரைகளைக் குறைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். நீங்கள் எடுத்திருக்கும் முயற்சி பெரியது, அதை விடாமல் தொடருங்கள். ஆனால் ஸ்டென்ட் என்பது அடைப்பு முற்றியிருந்த ஓர் இடத்தை விரித்துப் பிடித்திருக்கும் கம்பி வலை, அவ்வளவுதான். மற்ற ரத்தக்குழாய்களிலும் கொழுப்பு ஆங்காங்கே படிந்திருக்கும். அதை அடக்கி வைக்க நடை, சாப்பாடு, மாத்திரை மூன்றும் வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரெலர் மாத்திரை கொடுத்திருப்பார்கள். வலையின் மேல் குழாயின் உள்சவ்வு வளர்ந்து மூடும்வரை ரத்தம் அங்கே உறையப் பார்க்கும். மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக 12 மாதம் இரண்டையும் சாப்பிடச் சொல்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம், அது உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்க வேண்டியிருந்தால்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய மருத்துவரைக் கேளுங்கள்.

கொழுப்பு மாத்திரையும் அப்படித்தான். உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைச் செய்வது உடம்பேதான், அதில் கல்லீரலின் பங்கு பெரியது. அதனால் வாயைக் கட்டினால் மட்டும் எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் போதுமான அளவு இறங்குவது அரிது. உங்களைப் போன்றவர்களுக்கு அது 70-க்குக் கீழே இருக்க வேண்டும். 55-க்குக் கீழே வந்தால் இன்னும் நல்லது.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கரையாது. அடைப்பு என்பது சமையலறைக் குழாயில் சேரும் பிசுக்கு மாதிரி உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பது இல்லை. ரத்தக்குழாயின் சுவருக்குள்ளேயே கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து தடித்திருப்பது. குடிக்கிற சாறு அங்கே போய்க் கழுவிவிடாது. குழம்பில் போடும் பூண்டும் ரசத்தில் தட்டிப்போடும் இஞ்சியும் தாராளமாக இருக்கட்டும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பூண்டைச் சாறாக அதிக அளவில் குடித்தால் ரத்தக்கசிவு கூடக்கூடும். இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, மறுபடி நெஞ்சு வலியோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. தயவுசெய்து அந்தச் செய்தியை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.

எந்த எண்ணெய் நல்லது?

கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நன்றாகவே பொருந்தும், அளவுதான் முக்கியம். தேங்காய் எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. இதய நோயாளிக்கு அது தினசரி எண்ணெயாக வேண்டாம். செக்கில் ஆட்டியது என்பதால் அந்தக் கணக்கு மாறாது.

உப்பைக் குறைத்துவிட்டோம். ஆனாலும் என் கணவருக்கு பி.பி. இறங்கவில்லை. இந்துப்புக்கு மாறலாமா?

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், மாறிப் பயனில்லை. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு என்று வைத்தால் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும். கடை மிக்சரும் பிஸ்கட்டும்கூட இதில் சேர்த்திதான். ஒரு வாரம் தட்டில் விழுவதை எல்லாம் எழுதிப் பாருங்கள், எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ சில வகை பி.பி. மாத்திரைகளைச் சாப்பிட்டாலோ அது ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

எவ்வளவு வேகமாக நடக்கலாம்?

பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம். முதலில் பத்து நிமிடம் நடந்து மெல்லக் கூட்டுங்கள். நெஞ்சு இறுக்கினால் உடனே நின்று, உட்கார்ந்து, டாக்டர் கொடுத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108.

என் கணவர் பத்து சிகரெட்டிலிருந்து இரண்டுக்கு வந்துவிட்டார். போதும்தானே?

போதாது அம்மா. நுரையீரலுக்கு ஓரளவு நன்மைதான். இதயத்தின் கணக்கு வேறு: ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தால்கூட, இருபது பிடிப்பவருக்குக் கூடுகிற ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி வந்துவிடுகிறது. அடியோடு விட்டால் ஒரே வருடத்தில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறையும். இரண்டுக்கு இறங்க முடிந்தவரால் மீதியையும் விட முடியும். அவரைத் திட்டாமல், நிகோடின் சூயிங்கம் பற்றி டாக்டரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தது. தாம்பத்தியம் எப்போது தொடங்கலாம்?

கேட்டது நல்லது. பலர் கேட்காமலே பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி சற்று வேகமாக ஏற முடிந்தால் பொதுவாகப் பிரச்சினை இருக்காது. ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் வயாகரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். எப்போதாவது அதைச் சாப்பிட்டு நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், வெட்கப்படாமல் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு எந்த மருந்து கொடுப்பது என்று அதை வைத்துத்தான் முடிவுசெய்வார்கள்.