பிடிச்ச பாடகி யாரு, அவங்க குரல்ல அப்படி என்ன இருக்கு?

எனக்கு வாணி ஜெயராம் தாங்க. 1945ல அவங்க பொறந்தது எங்க வேலூர்ல தான், ஊர்ப்பாசம்னு நினைச்சா நினைச்சுக்கோங்க. ஆனா விஷயம் அது இல்ல, சுருதி. மேல் ஸ்தாயிக்குப் போறப்ப நிறைய பேருக்குக் குரல் மெலிஞ்சு கீச்சுனு ஆயிடும், இவங்களுக்கு அங்கயும் அதே கனம், அதே தெளிவு, ஒரு எழுத்தக் கூட முழுங்க மாட்டாங்க. சின்ன வயசுலயே கர்நாடகம், கல்யாணத்துக்கு அப்புறம் பம்பாய்ல உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கான் கிட்ட இந்துஸ்தானினு ரெண்டையும் கத்துகினவங்க, அதனால பிருகா, அதாவது ஸ்வரங்கள மளமளனு உருட்டிப் பாடுறது, எவ்ளோ வேகமா வந்தாலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியா கேக்கும். 'ஏழு ஸ்வரங்களுக்குள்' கேட்டுப் பாருங்க, 1975 தேசிய விருது அந்தப் பாட்டு வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்துக்குத் தான்.

சோகம்னா சொர்ணலதா. 'போறாளே பொன்னுத்தாயி'ல ஒப்பாரி வெக்கவே இல்ல, குரல்ல கொஞ்சம் காத்து கலந்து விடுறாங்க, அவ்ளோ தான், நமக்குத் தொண்டை அடைச்சிக்கும்.

ஜானகியம்மா குழந்தை மாதிரி, கிழவி மாதிரினு குரலையே மாத்திடுவாங்க, அது பாட்டு பாதி நடிப்பு பாதி. ஜென்சி கம்மியா தான் பாடுனாங்க, ஆனா அந்த வெகுளித்தனம் வேற யாருக்கும் வரல. இதெல்லாம் ஹெட்செட்ல கேளுங்க, காட்பாடி போற டவுன் பஸ் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு என்னத் திட்டாதீங்க.