கடல் உயிரியல் படித்தால் பாதுகாப்பு வேலையா, மீன்பிடி வேலையா?

உயர்தரத்தில் (ஏ.எல்.) உயிரியல் படிக்கும் நீங்கள், கடல் உயிரியல் பட்டம் எடுத்தால் திமிங்கிலம், பவளப்பாறை என்று பாதுகாப்பு வேலை செய்யலாமா, இல்லை மீன்பிடித் துறைக்குள் மாட்டிக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலைக்காரி. பட்டம் முடித்து ஐந்து வருடம். இரண்டு பக்கமும் வேலை செய்துவிட்டேன். மீன்பிடிப் பக்கம் முதலில் போனதுதான் எனக்கு நல்லதாய் அமைந்தது.

முதல் வேலை ஆறு மாத ஒப்பந்தம். விடியற்காலையில் நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் இடத்தில் நிற்க வேண்டும். மீன் சேரும் வலைப்பை, அதாவது மடி, கரையேறியதும் சூடை, கீரி மீன்களை எடுத்து அளவுப் பலகையில் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை நீளம் குறிப்பேன். சிலதை வயிறு கீறி, சினை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்ப்பேன். எந்த நீளத்தில் பாதி மீன் சினை பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் வலைக்கண் எவ்வளவு இருக்க வேண்டும், எந்த மாதம் விட்டுவைக்க வேண்டும் என்று வாய் திறக்கலாம்.

முதல் வாரம் ஒருவரும் மீன் தரவில்லை. “எங்கட வலைக்குத் தடை போடத்தானே பிள்ளை எழுதுறீர்?” என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயா நேரே கேட்டார். கொப்பியை வைத்துவிட்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். இரண்டாம் வாரம் அவரே ஒரு பாரையை என் கையில் தந்து, “அமத்திப் பாரும்” என்றார். வெளியே ஒரு கீறல் இல்லை. உள்ளே சதை கொழகொழவென்றிருந்தது. பிளந்தால் முள்ளந்தண்டு முறிந்து, அதன் நீளத்துக்கு இரத்தம் கட்டி, காற்றுப்பை வெடித்துக் கிடந்தது. சந்தையில் வாங்கிய மீன், டைனமைட் போட்டுப் பிடித்தது. சட்டம் எப்போதோ தடுத்த முறை. பவளப்பாறையோடு குஞ்சு குருமனையும் அது அழிப்பதால் நட்டப்படுவது இந்தக் கரைவலைக்காரர்கள்தான். எந்த விரிவுரையிலும் நான் இவ்வளவு கிட்டத்தில் அதைப் பார்த்ததில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் நான் சேர்த்த தரவெல்லாம் நிறுவனத்தோடு போய்விட்டது. மீன் தந்தவர்களுக்கு ஒரு பக்கமாவது திரும்பி வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு எந்த வேலை செய்தாலும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, படமும் கீறி, மீனவர் தங்கும் வாடிக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அடுத்தது நிலாவெளிக்கு எதிரே உள்ள சிறு தீவான புறாமலையில் பவளக் கணக்கெடுப்பு. 2003-இல் தேசிய பூங்காவான இடம். 1998-இல் கடல் சூடாகி நாட்டின் மற்றக் கரைகளில் பவளம் வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பியதன் மேல் ஆட்கள் ஏறி நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரியும். எந்தத் திட்டு எப்போது உடைந்தது என்று சரியாகச் சொன்னவர்கள் நிலாவெளிப் படகோட்டிகள்.

திமிங்கிலத்தைப் பற்றியும் கேட்டீர்கள். திருகோணமலைத் துறைமுக வாயிலிலிருந்தே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குவதால் நீலத் திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வரும். அதிர்ஷ்டம் இருந்தால் கோணேசர் மலையில் நின்றே பார்க்கலாம். ஆனால் அதை நம்பிச் சம்பளம் எடுக்கும் இடங்கள் மிகக் குறைவு.

படிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியல் உண்டு, மாத்தறையில் ருகுணப் பல்கலைக்கழகத்தின் பீடம் உண்டு, சமுத்திரப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அரசின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவில் (NARA) பயிற்சி கிடைத்தால் விடாதீர்கள். நீச்சல், சிங்களம், புள்ளிவிவரம் மூன்றையும் இப்போதே தொடங்குங்கள். முதல் சில வருடம் ஒப்பந்த வேலைதான், இடையில் சம்பளமில்லாத மாதங்களும் வரும். வீட்டாருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வாடைக்காலம் முடிந்து கடல் அடங்கியதும் ஒரு நாள் நிலாவெளிக்கு வந்து பாருங்கள். பழைய உடுப்போடு வாருங்கள், கயிறு இழுக்க ஆள் தேவை.