தைப்பூசத்துக்கு விடுமுறை கேட்டால் 'கூட்டரசுச் சட்டம்' என்கிறார்களே?

கேள்வி: பிறையில் ஒரு தொழிற்சாலையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். பினாங்கில் தைப்பூசம் பொது விடுமுறை. ஆனால் எங்களுக்கு அன்றும் ஷிப்ட். மேலாளரிடம் கேட்டால், "மாநில விடுமுறை எங்களைக் கட்டுப்படுத்தாது, கூட்டரசுச் சட்டம்தான் பெரியது" என்கிறார். சரியா?

பதில்: அவர் சொன்ன விதி உண்மைதான். அதைப் பொருத்திய இடம்தான் தவறு.

கூட்டரசு அரசியலமைப்பின் 75ஆவது பிரிவு சொல்வது இது: மாநிலச் சட்டம் கூட்டரசுச் சட்டத்தோடு முரண்பட்டால், முரண்படும் அளவுக்கு அது செல்லாது. 'அளவுக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். மோதுகிற பகுதிதான் விழும், மற்றது நிற்கும். பினாங்கு இதை நேரிலேயே பார்த்தது. ஊராட்சி மன்றத் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர மாநிலச் சட்டமன்றம் 2012இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அந்தத் தேர்தல்களையே ஒழித்திருந்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதுதான் உண்மையான மோதல்.

உங்கள் விஷயத்தில் மோதலே இல்லை. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, மாநில விடுமுறைகளை மாநிலப் பட்டியலிலும் தொழிலாளர் விவகாரத்தைக் கூட்டரசுப் பட்டியலிலும் வைத்திருக்கிறது. எந்த நாள் மாநில விடுமுறை என்பதை மாநிலம் அறிவிக்கும். தனியார் முதலாளி எத்தனை நாள் விடுமுறை தரவேண்டும், அன்று வேலை வாங்கினால் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்லும். இரண்டும் அதனதன் இடத்தில் செல்லும்.

இனி கணக்குக்கு வருவோம். வேலைச் சட்டத்தின் 60டி பிரிவுப்படி ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. அதில் ஐந்தை முதலாளி தொடவே முடியாது: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், பினாங்கு ஆளுநர் பிறந்தநாள் (கோலாலம்பூரில் என்றால் கூட்டரசுப் பிரதேச தினம்), தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி ஆறைப் பொது விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். தைப்பூசம் நழுவுவது இங்கேதான். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு, நோன்புப் பெருநாளுக்கு இரண்டு, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று எழுதினால் ஆறும் தீர்ந்துவிடும். தண்ணீர்மலைக்குக் காவடி ஏறும் நாளில் நம் ஆட்கள் மெஷின் முன் நிற்பது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அப்படிப் பட்டியல் போடுவது சட்டமீறல் ஆகாது.

எனவே மேலாளரோடு வாதாடுமுன் நோட்டீஸ் போர்டுக்குப் போங்கள். அந்த ஆறு நாள்களையும் ஆண்டு பிறப்பதற்கு முன்பே எல்லார் கண்ணிலும் படும்படி முதலாளி ஒட்டியிருக்க வேண்டும். இது சட்டக் கட்டாயம். பல இடங்களில் பழைய ஆண்டுத் தாளே மஞ்சளாகித் தொங்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் தைப்பூசம் இருந்தும் வேலைக்கு வரச்சொன்னால், அன்றைய விடுமுறைச் சம்பளம் போக இன்னும் இரண்டு நாள் சம்பளம் உங்களுக்குச் சேரவேண்டும். அரை நாள் வேலை செய்தாலும் இதே கணக்கு. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு மட்டும் இந்தக் கூடுதல் தொகை சட்டப்படி கிடையாது. நோட்டீஸே இல்லையென்றாலும், பணம் வரவில்லையென்றாலும் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம்.

பட்டியலில் தைப்பூசம் இல்லையா? உங்கள் வேலை ஒப்பந்தத்தையும், யூனியன் இருந்தால் கூட்டு ஒப்பந்தத்தையும் படியுங்கள். சட்டம் தருவதைவிடக் கூடுதலாக அங்கே ஒப்புக்கொண்டிருந்தால் அதைக் கேட்டு வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் மாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது. இரு தரப்பும் சம்மதித்தால், அந்த ஆறில் ஒரு நாளுக்குப் பதில் வேறு நாளை எடுக்க 60டி இடம் தருகிறது. கிறிஸ்துமஸைக் கொடுத்துத் தைப்பூசத்தைக் கேளுங்கள். தனியாகப் போகாமல் நாலைந்து பேராக, எழுத்தில், நவம்பரிலேயே கேளுங்கள். டிசம்பரில் அடுத்த ஆண்டுப் பட்டியல் போர்டில் ஏறிவிடும்.